மணிகளைக் கழுவிய தண்ணீர்

புதன்கிழமை காலை மெஷினில் அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம். பயம் பிறகுதான் வந்தது. மெஷின் பிழை என்று நினைத்தேன். எங்கள் ஆய்வுகூடத்தில் எது பிழையாகிப் போனாலும் அந்த மெஷின் மீது பழி போடுவது வழக்கம். போத்தலைக் குலுக்கி இன்னொரு தடவை வைத்தேன். அதே எண். மறுபடியும் வைத்தேன். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை.

என் முன்னால் இருந்தவை இரண்டு போத்தல்கள். ஒன்றில் கோப்பாயில் என் அக்கா தனுசியா வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் அதே தண்ணீர், நான் செய்து கொடுத்த வடிகட்டிக்குள்ளால் வந்த பிறகு. இரண்டாவதில் நைத்திரேற்று குறைந்திருக்க வேண்டும். அதற்குத்தானே வடிகட்டி. ஆனால் கிணற்றில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஞாயிறு பின்னேரம் எடுத்து வந்த தண்ணீர் அது. மெஷினுக்கு முறை வராததால் மூன்று நாள் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தது. அந்த மூன்று நாளும் அதே குழாய்த் தண்ணீரில்தான் அக்கா தன் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்திருப்பாள்.

நைத்திரேற்று வளர்ந்தவர்களை உடனே ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தைக்கு அப்படியல்ல. வயிற்றுக்குள் போய் உருமாறி, இரத்தத்தை ஒட்சிசன் தூக்கவிடாமல் செய்துவிடும். உதடு நீலமாகும். பிறகு மூச்சு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் தடிக்கும். என் அக்கா எதையும் நன்றாக வற்றக் கொதிக்க வைக்கிற பிறவி.

போன் அடித்தேன். மணி போனது, அக்கா எடுக்கவில்லை. அத்தான் டிலக்ஷன் வவுனியாவில் வங்கியில் வேலை, அவருடைய போன் வேலை நேரத்தில் உறங்கும். வீட்டில் அக்காவோடு இருப்பது அவளுடைய மாமனாரும் மாமியாரும், எனக்கு மாமாவும் மாமியும்தான். மாமா பரமலிங்கம் போனை எப்போதும் மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர். மாமி குணலட்சுமியிடம் போனே இல்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் யாரோ "கோபிகா, மெஷினை நிப்பாட்டேல்லையே" என்று கூப்பிட்டார்கள். எரிச்சலில் திரும்பியும் பார்க்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து கோப்பாய் தூரமில்லை. ஆனால் அன்றைக்கு எல்லா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் எனக்கு முன்னால்தான் ஊர்ந்தன. ஒவ்வொன்றையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன். திட்டுவதற்கிடையில் வடிகட்டியையே நினைத்தேன்.

அந்த வடிகட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். அதற்குள் ரவை அளவில் மஞ்சள் மணிகள். யோகட் கப் செய்கிற அதே பொலிஸ்டைரீன். வெறும் மணி தண்ணீரில் கிடந்தால் கிடந்தபடி கிடக்கும். நான் அதன் மேல் இரசாயனத்தால் கைகளை ஒட்ட வைத்தேன். அதற்கு இரண்டு வருடம் போனது. ஒவ்வொரு கையும் முதலில் ஒரு குளோரைட்டைப் பிடித்திருக்கும். தண்ணீரில் நைத்திரேற்று வந்தால் அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கையும் நிரம்பிய பிறகு மணிகளைக் கெட்டியான உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பிலும் குளோரைட்தான் இருக்கிறது. அவ்வளவு கூட்டமாக அது வந்து நெருக்கும்போது கைகள் நைத்திரேற்றைக் கைவிட்டுவிடும். மணி மறுபடி புதிதாகும். இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொன்னால் என் ஆய்வுக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை.

அக்காவுக்குப் பால் போதவில்லை, பால்மாதான் கொடுக்க வேண்டும் என்று ஆனபோது, போத்தல் தண்ணீர் வாங்கலாம் என்று மாமாதான் முதலில் சொன்னார். நான் விடவில்லை. நான் செய்த ஒன்று குடுவையை விட்டு வெளியே வந்து ஒரு வீட்டுச் சமையல் குசினிக்குள் போகிறது என்ற பெருமை எனக்கு. கிணற்றில் நைத்திரேற்று கூட என்று மட்டும் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அக்காவின் மாமனாரிடம், அவருடைய முற்றத்தில் நின்றுகொண்டு, உங்கள் தோட்டத்து உரம்தான் உங்கள் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று எப்படிச் சொல்வது? பெண் கொடுத்த வீடு. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. கிழமைக்கு ஒரு தடவை உப்புக் கரைத்து விட்டுக் கழுவுங்கள், கழுவிய தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள் என்று காட்டிக் கொடுத்தேன். மாமா ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார். கவனமான மனிதர். அதனால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கோப்பாயில் படலை பூட்டியிருந்தது. நான் பெல்லை அடித்த அடியில் பக்கத்து வீட்டுத் தர்சினி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அவை சந்நிதிக்குப் போட்டினம். பிள்ளையை முதல் முதல் கோயிலுக்குக் கொண்டு போகினம். விடியவே வான் பிடிச்சு வெளிக்கிட்டவை."

"பிள்ளைக்குத் தண்ணி?"

"சுடுதண்ணிப் போத்தில் ரெண்டு கொண்டு போனவை. வெளித்தண்ணி குடுக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்களாம்."

ஓம், நான்தான் சொன்னேன். சந்நிதி இருக்கிற தொண்டைமானாற்றில் எந்தக் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கியிருந்தாலும் அது இதைவிட நல்லது.

கிளம்பத் திரும்பியவள், படலை இடுக்கால் குசினிப் பக்கம் பார்த்தேன். என் வடிகட்டி குசினி வெளிச்சுவரில் நேராக நின்றது. அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் நான் கவனிக்காத ஒரு நீல பிளாஸ்டிக் பரல், மூடி போட்டு, மூடிக்கு மேல் கல்லும் வைத்து.

"அதென்ன பரல்?"

"அது பரமலிங்கம் ஐயாவின்ரை உப்புத் தண்ணி," என்றாள் தர்சினி. "ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் விட்டுக் கழுவுறவர். கழுவிப்போட்டுத் திருப்பி அதுக்குள்ளையே பிடிச்சு வைப்பார்."

மணியிலிருந்து கழுவிய நைத்திரேற்று முழுக்க அந்தப் பரலுக்குள். அடுத்த கிழமை அதே தண்ணீரை மணிக்குத் திருப்பி ஊட்டியிருக்கிறார். அதற்கடுத்த கிழமை இன்னும் கொஞ்சம் சேர்த்து. மணியைக் கழுவவில்லை, மணிக்கு விஷம் ஏற்றியிருக்கிறார். ஏற்றியதை அது குழந்தையின் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது. ஒரு கிலோ உப்புக்கா இந்த மனிதர் இப்படிச் செய்தார் என்று நினைத்தபோது, அவரைக் கண்டால் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியாத அளவுக்கு ஆத்திரம் வந்தது.

நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி. இரண்டு பக்கமும் சிவப்பு மண், வாழை, வெங்காயம், சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கிற குழாய்கள். மற்ற நாட்களில் அந்த வழியால் போவது எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் உரப்பைகளைத்தான் கண்கள் தேடின. அச்சுவேலிச் சந்தியில் நிறுத்தி மறுபடி போன் அடித்தேன். இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா, பிள்ளைக்குப் பால் குடுக்காதை."

"என்னடி? இஞ்சை ஒண்டும் விளங்கேல்லை. பூசை நடக்குது, மணிச் சத்தம். பிறகு எடு."

வைத்துவிட்டாள். நடு றோட்டில் நின்று, ஒருவரும் கேட்காத இடத்தில், அவளுக்கு ஒரு நல்ல ஏச்சுக் கொடுத்தேன். அடுத்த முறை அடித்தபோது அவள் எடுக்கவே இல்லை.

சந்நிதியில் நல்ல சனம். ஸ்கூட்டரை எங்கே விட்டேன், செருப்பை எங்கே விட்டேன் என்று இப்போதும் ஞாபகமில்லை. ஆற்றங்கரைப் பக்கமாக, அன்னதான மடத்தின் நிழலில், மாமி கால் நீட்டி இருந்தார். மடியில் குழந்தை யதுசன். அக்கா பக்கத்தில் இருந்து சுடுதண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாயில் பால் போத்தல்.

ஓடிப்போய்ப் பறித்தேன். பிள்ளை வீரிட்டு அழுதிருக்க வேண்டும். ஒரு சின்ன முனகல்தான் வந்தது.

"என்ன உனக்கு விசரோ?" என்றாள் அக்கா. "ரெண்டு நாளாப் பால் குடியாமல் இருந்த பிள்ளை, இப்பதான் வாய் வைச்சான்."

"ரெண்டு நாளா ஏன் குடிக்கேல்லை?"

"நித்திரைதான். எழுப்பினாலும் நித்திரை. அதுதான் ஒருக்கால் சந்நிதிக்குக் கொண்டு வருவம் எண்டு."

குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உதடும் வாயைச் சுற்றியும் சிலேற்றுப் பலகை போலச் சாம்பல் நீலம். நகங்களும் அப்படியே.

"வெயிலுக்குக் கறுத்திட்டான்," என்றார் மாமி. ஆனால் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, நான் ஒன்றும் சொல்லாமலே எழும்பிவிட்டார்.

மாமா அர்ச்சனைத் தட்டோடு வந்தார். நான் கேட்கவென்று வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. "வானை எடுக்கச் சொல்லுங்கோ மாமா, பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் சொன்னேன். தட்டை அப்படியே மடத்துத் தூணடியில் வைத்துவிட்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான் வான் ஜன்னலுக்குச் சாய்ந்து குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியது. ஒரு இறக்கத்துக்குப் பிறகு அடுத்த ஏற்றம் வரும்வரைக்கும் எனக்கும் மூச்சு இல்லை. கடற்கரைப் பாதையில் ஒவ்வொரு குண்டும் குழியும் என் முதுகெலும்பில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நின்றது ஒரு இளம் டொக்டர். நான் மூச்சுவிடாமல் தண்ணீர், நைத்திரேற்று, எண் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இடைமறிக்கவில்லை. ஊசியில் இரத்தம் எடுத்தார். சிவப்பாக இல்லை, சொக்லேட் நிறமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார், பிறகு நேர்ஸைக் கூப்பிட்டு மெதிலீன் நீலம் என்றார். நாங்கள் ஆய்வுகூடத்தில் சாயமாகப் பாவிக்கிற சாமான். நீலம் பாரித்த பிள்ளைக்கு நீல மருந்து. அது மெல்ல மெல்ல ஏறியது. கொஞ்ச நேரத்தில் உதட்டில் ஒரு சிவப்பு வந்தது. பிறகு யதுசன் அழுதான். முனகல் இல்லை, வார்டு முழுக்கக் கேட்கிற அழுகை. எனக்கும் அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன்.

"இனிப் பயமில்லை," என்றார் டொக்டர். "ரெண்டு நாள் வைச்சுப் பாப்பம். அந்தத் தண்ணியை மட்டும் திரும்பக் குடுத்திடாதேங்கோ."

அக்கா குழந்தையோடு உள்ளே இருந்தாள். மாமி வார்டுக்கு வெளியே நீள மர வாங்கில், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு இருந்தார். மாமா விறாந்தையின் மற்ற முனையில் நின்றார். ஆபத்து விலகியதும் என் ஆத்திரம் விட்ட இடத்திலிருந்து திரும்பி வந்தது. நேரே அவரிடம் போனேன்.

"கழுவின தண்ணியை ஊத்தச் சொன்னனான் எல்லோ மாமா? ஏன் சேத்து வைச்சனீங்கள்?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எங்கை ஊத்திறது பிள்ளை?"

"வளவுக்கை எங்கையாவது."

"வளவுக்கை ஊத்தினால் கிணத்துக்கை இறங்காதோ? கீழை முழுக்கக் கல்லு. கல்லு முழுக்கப் பொந்து. மேலை ஊத்திறதெல்லாம் அங்கைதான் போகும். ஒருக்கால் உவர் இறங்கினால் பிறகு அது கிணறில்லை. எத்தினை தோட்டம் அப்பிடிப் போனதெண்டு நான் கண்டனான். றோட்டிலை ஊத்தினால் பக்கத்து வளவுக்காரன்ரை கிணத்துக்கை. அதுதான் பரலிலை பிடிச்சன். நாக்கிலை வைச்சுப் பாத்தன், நல்லாக் கரிச்சுது. உப்பு இருக்குத்தானே, பிறகேன் வேறை உப்பெண்டு நினைச்சன்."

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆய்வுகூடத்தில் எங்கள் சிங்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்குள் ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த மண்ணில் ஊற்றச் சொல்லி அவ்வளவு லேசாகச் சொன்னது நான்தான். வெட்கமாக இருந்தது.

"உப்பு கரிக்கும் மாமா," என்றேன், குரலைத் தணித்துக்கொண்டு. "ஆனால் மணியிலை இருந்து கழுவின நைத்திரேற்றும் அதுக்குள்ளைதான் நிண்டது. அது நாக்குக்குத் தெரியாது."

"அது முதல்லை கிணத்துக்கை எப்பிடி வந்தது?"

இந்தத் தடவை மரியாதை பார்க்கவில்லை. "உரத்திலை இருந்து. யூரியா. பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணியோடை இறங்கும்."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதைத் தோட்டத்தைப் பற்றிய யோசனை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"உப்பு இறங்குமெண்டு தெரிஞ்ச எனக்கு உரமும் இறங்குமெண்டு தெரியேல்லைப் பாத்தியே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, டிலக்ஷனுக்கு முதல் எங்களுக்கு ஒண்டு பிறந்தது, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"எண்பத்தாறிலை. பொடியன். அப்ப நான் வெங்காயத்துக்கு நல்லா உரம் போட்டு, ஊரிலையே பெரிய விளைச்சல் எடுத்த காலம். இவளுக்குப் பால் வரேல்லை. டின் பால்மாதான், இதே கிணத்துத் தண்ணியிலை. ரெண்டாம் மாசம் இப்பிடித்தான், எழுப்பினாலும் நித்திரை. வாயைச் சுத்தி இப்பிடியே நீலம். இண்டைக்குக் கோயிலடியிலை பேரன்ரை முகத்தைக் கண்டவுடனை எனக்கு அந்த முகம்தான் தெரிஞ்சது. அது தப்பேல்லை."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதுவும் இதாலைதானோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அறுபத்தேழு வயதில் ஒரு மனிதருக்கு, உன் உரம்தான் உன் பிள்ளையைத் தின்றது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? எந்த மெஷினாலும் இனி அளக்க முடியாத தண்ணீர் அது. இல்லை என்று சொன்னால் முடிந்தது. சொல்ல நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. "ஊர் இவளைத்தான் சொன்னது. பிள்ளைப் பத்தியத்துக்கை கண்டதையும் திண்டு பிள்ளையைச் சாகக் குடுத்திட்டாள் எண்டு. என்ரை அம்மா கண் மூடும்வரைக்கும் சொன்னவ. நானும்..." அவர் நிறுத்தினார். "நானும் சொன்னனான். கோவம் வாற நேரத்திலை எல்லாம் சொன்னனான்."

வாங்கில் இருந்த மாமியைப் பார்த்தேன். சந்நிதியில் நான் ஒரு வார்த்தை சொல்லும் முன்னமே அவர் ஏன் எழும்பினார் என்று அப்போதுதான் விளங்கியது.

"அதாலையா இருக்கும் மாமா," என்றேன். "நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் அப்பிடித்தான் தெரியுது. நிச்சயமாச் சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை. ஆனால் மாமி திண்டதாலை இல்லை. அது மட்டும் நிச்சயம்."

அவர் தலையாட்டினார். ஏசுவார், அல்லது அழுவார் என்று பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. சேர்ட்டைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்துகொண்டு விறாந்தை நீளத்துக்கு நடந்து போனார். மாமிக்குப் பக்கத்தில் இருந்தார். எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. குனிந்தபடி கனநேரம் கதைத்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. போய்க் கேட்கவும் மனம் வரவில்லை, அங்கிருந்து போகவும் மனம் வரவில்லை.

மாமியின் கை சேலைத் தலைப்பில் சுற்றுவதை நிறுத்தியது. அவர் எழும்பினார். மாமாவைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"பிள்ளை," என்றார், "அந்தப் பத்தியத்துக்கை பலாப்பழம் ரெண்டு சுளைதான் திண்டனான். சரியான பசி."